மினோஸின் கப்பல்களும் காளைத்தலை அரக்கனும்

ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு கன்னியரையும் கிரீட் தீவுக்குக் கப்பலேற்றி, மினோட்டார் என்னும் காளைத்தலை அரக்கனுக்கு இரையாக அனுப்பியது என்ற கிரேக்கக் கதையில், அரக்கனைவிட அந்தக் கப்பல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதன்முதலில் கடற்படை வைத்திருந்தவனும் கடற்கொள்ளையரை ஒடுக்கியவனும் கிரீட் மன்னன் மினோஸே என்று வழிவழிச் செய்தியை ஏற்று எழுதுகிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். அவனுக்கு ஏதென்ஸ் மக்கள் திறை கட்டிய கசப்பே பின்னாளில் அரக்கனாகியிருக்கலாம் என்பது என் ஊகம். சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த, கிரீட்டுக்கு வடக்கே உள்ள சான்டோரினித் தீவின் அக்ரோத்திரி என்னும் பழைய ஊரில் கிடைத்த சுவரோவியத்தில், துடுப்புக்காரர்கள் விளிம்புக்கு மேல் குனிந்து நீரைத் தள்ள, டால்பின்கள் உடன் துள்ள, கப்பல்கள் அணிவகுத்துத் துறைமுகம் சேர்கின்றன. கிரீட் மக்களின் 'லீனியர் ஏ' எழுத்தை இன்றுவரை எவரும் படித்தறியவில்லை. ஆகவே மினோஸின் கதையைத் திறை கட்டியவர்கள் சொல்லித்தான் கேட்கிறோம்.