"என் கோப்பு ரகசியம்" என்பவரிடம் என்ன கேட்பது

முன்னாள் அமெரிக்க ராணுவ விமானி என்று சொல்லி வருகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் வேலையில், வீரக்கதையைக் கேட்டு ஆளை எடைபோடும் பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும். ஏவுகணை எப்படித் துரத்தியது, எப்படித் தப்பினார் என்பதையெல்லாம் படித்தே சொல்லிவிடலாம். அன்றாடத்தை அப்படிச் சொல்ல முடியாது. எந்தத் தளத்தில் பயிற்சி, முதலில் ஏறியது எந்தப் பயிற்சி விமானம், விங்ஸ் (விமானிக்கான மார்புச் சின்னம்) வாங்கியது எந்த ஆண்டு, அடுத்து எந்த ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு), மொத்தம் எத்தனை மணி நேரம்? உண்மையான விமானியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இவற்றுக்குப் பதில் வரும். பொய் சொல்கிறவர் ஒவ்வொரு கேள்வியிலிருந்தும் நழுவிப் போர்க்களத்துக்கே திரும்புவார்.

பறந்த மணிக்கணக்கிலேயே பலர் மாட்டிக்கொள்கிறார்கள். போர் விமானத்தில் ஒரு தடவை பறப்பது பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். 20 ஆண்டு பணியில், இடையே அலுவலகப் பதவிகளும் வந்துபோகும் நிலையில், 2,000 முதல் 3,000 மணி சேர்ந்தால் அது நல்ல கணக்கு. போர் விமானத்தில் மட்டும் 12,000 மணி என்று ஒருவர் சொன்னால், அவர் பயணிகள் விமானக் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். சரக்கு விமானம், எரிபொருள் நிரப்பும் விமானம் ஓட்டியவர்களுக்கு மணி கூடுதலாகவே இருக்கும். ஆகவே விமான வகையைக் கேட்காமல் மணியைக் கேட்பதில் பயனில்லை.

அமெரிக்க விமானப்படையின் விங்ஸ் பட்டையில் நட்சத்திரம் ஏற 7 ஆண்டும், நட்சத்திரத்தைச் சுற்றி மாலை ஏற 15 ஆண்டும் ஆகும். தோளில் கேப்டன் ரேங்க், மார்பில் மாலை சூடிய நட்சத்திரம் என்று ஒரு படம் வந்தால் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். வழக்கமாக அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மேஜர் ஆகியிருப்பார்கள்.

விமானங்களும் காட்டிக்கொடுக்கும். எஃப்-14 போர் விமானம் அமெரிக்கக் கடற்படையிலும் ஈரானிலும்தான் பணியில் இருந்தது. "விமானப்படையில் எஃப்-14 ஓட்டினேன்" என்ற வாக்கியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பணியில் இருந்த ஏ-10 தாக்குதல் விமானங்கள் எல்லாமே ஒற்றை இருக்கை. "என் துணை விமானி" அங்கே உட்கார இடமே கிடையாது. ரேடாரில் எளிதில் சிக்காத எஃப்-117 விமானத்தை ஓட்டிய ஒவ்வொருவருக்கும் 'பாண்டிட்' எண் என்று ஒன்று கொடுக்கப்பட்டது. அதை ஓட்டினேன் என்பவர் தன் எண்ணைச் சொல்லட்டும். எஃப்-16இலிருந்து எஜெக்ட் ஆனதற்காக (ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டதற்காக) இருக்கை தயாரிக்கும் மார்ட்டின் பேக்கர் நிறுவனத்தின் கழுத்து டை கிடைத்தது என்றால் அதுவும் பொருந்தாது. அந்த டை அந்த நிறுவனத்தின் இருக்கையால் உயிர் பிழைத்தவர்களுக்கு. எஃப்-16இல் இருப்பதோ ஏசஸ்-2 இருக்கை.

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கியவரிடம் ஒரே கேள்வி போதும்: சக்கரம் தளத்தைத் தொட்டதும் த்ராட்டிலை (எஞ்சின் விசை நெம்புகோலை) என்ன செய்வீர்கள்? தரையில் பழகிய புத்தி "குறைப்பேன்" என்று சொல்லும். கப்பலில் முழு விசைக்குத் தள்ள வேண்டும், ஏனென்றால் விமானத்தின் கொக்கி தளத்தில் கட்டிய கம்பியைப் பிடிக்காமல் போனால் மறுபடி எழும்ப வேகம் வேண்டும். அதேபோல 9 ஜி-யில் (உடம்பின் எடை 9 மடங்காக அழுத்தும்போது) எப்படி மூச்சு விடுவீர்கள் என்று கேட்கலாம். காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்கி, சுமார் 3 விநாடிக்கு ஒருமுறை சட்டென்று மாற்றுவதைச் சொல்லும்போது உண்மையானவரின் உடம்பே அதைச் செய்து காட்டும்.

அடிக்கடி காதில் விழும் சாக்கு, "என் கோப்பு ரகசியம்." பணி ரகசியமாக இருக்கலாம், பணியில் இருந்தது ரகசியமாகாது. எஃப்-117 இருப்பதையே 1988 நவம்பர் வரை அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அப்போதும் அதை ஓட்டியவர்களுக்குப் பயிற்சி, ரேங்க், சம்பளப் பதிவுகள் எல்லோரையும் போலவே இருந்தன.

அடுத்த சாக்கு, "கோப்பு தீயில் எரிந்துவிட்டது." தீ உண்மை. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்கப் படையினரின் கோப்புகள் இருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரை கோப்புகள் அழிந்தன. ஆனால் அழிந்தவை எவை என்று தெரியும்: 1912 முதல் 1960 வரை விலகிய தரைப்படையினர், 1947 முதல் 1964 வரை விலகிய விமானப்படையினரில் பெயர் 'ஹப்பர்ட்'டுக்குப் பின் வருவோர். அவற்றிலும் ஒரு பகுதி தப்பியது. கடற்படைக் கோப்புகளுக்குச் சேதம் இல்லை. 1970இல் விலகிய விமானியின் கோப்பு அந்தத் தீயில் எரிந்திருக்க வழியில்லை. வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தேன் என்பதும் இப்படித்தான். 1973இல் திரும்பிய 591 பேரின் பெயர்களும் பட்டியலில் உள்ளன; ரகசியப் பட்டியல் என்று தனியாக எதுவும் கிடையாது.

காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். டிடி-214 விடுவிப்புச் சான்றின் நகலை எவரும் திருத்திவிடலாம். கோப்பைக் கேட்கும் எஸ்எஃப்-180 படிவத்தில் அவரிடமே கையெழுத்து வாங்கிக் காப்பகத்துக்கு அனுப்பி, பதிலை நேராகப் பெறுங்கள். வந்ததும் 11ஆம் கட்டத்தில் பணிப்பிரிவு, 13இல் பதக்கங்கள், 14இல் பயிற்சிகள் என்று பாருங்கள். 11இல் விமானப் பராமரிப்பு என்று இருந்தால் விஷயம் விளங்கிவிடும்.

இந்தக் கடைசி வகையினரே எனக்கு வருத்தம் தருகிறார்கள். அவர்கள் படையில் இருந்தவர்கள்தான். விமானத்தின் பக்கவாட்டில் விமானியின் பெயரோடு சேர்த்துப் பெயர் எழுதப்படும் மெக்கானிக்குகள். கொளுத்தும் ஓடுதளத்தில் அவர்கள் செய்த வேலைக்கு எந்த மெருகும் தேவையில்லை. சில வீடுகளில் பெரியவர் எதுவும் சொல்லியிருக்க மாட்டார், பேரப்பிள்ளைகள்தான் அவரை விமானியாக்கியிருப்பார்கள். நினைவு மங்கியவர்களும் உண்டு. அதனால் ஆவணம் கையில் வருமுன் "பொய்யர்" என்ற சொல்லை யார் மீதும் வீசக்கூடாது.

சட்டமும் இதில் நிதானமாகவே நிற்கிறது. வீரப்பதக்கம் பெற்றேன் என்று பொய் சொல்வதையே குற்றமாக்கிய சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் ரத்து செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணமோ வேறு ஆதாயமோ பெறும் நோக்கத்தோடு குறிப்பிட்ட பதக்கங்களைப் பெற்றதாக ஏமாற்றினால்தான் குற்றம்.

காப்பகம் "பதிவு இல்லை" என்று பதில் அனுப்பினாலும் உடனே முடிவு கட்ட வேண்டாம். முழுப் பெயர், பிறந்த தேதி, பணிக்காலம் மூன்றையும் திருத்தி மறுபடி கேளுங்கள். 1969க்கு முன் தரைப்படை, விமானப்படையில் சேர்ந்தவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் அல்ல, தனிப் பணி எண்தான் அடையாளம். அந்த எண்ணைப் போட்டுக் கேட்டால், இல்லை என்ற கோப்பு சில சமயம் கிடைத்துவிடுகிறது.