பெரியம்மாவின் ரெண்டு நிமிஷம்

நேத்து ஒரு விசேஷ வீட்டுல பெரியம்மாவைப் பிடிச்சு உறவுக்காரர் ஒருத்தர் விசாரணை. "வெள்ளிக்கிழமைகூட கோயிலுக்குப் போறதில்லையாமே?" பெரியம்மா சிரிச்சுட்டு பாயசம் ஊத்தப் போயிட்டாங்க.

விடியக்காலை, அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி, ஈரக்கையை முந்தானையில துடைச்சுட்டு கண்ணை மூடி நிப்பாங்க. உதடு மட்டும் அசையும். முருகனா, அம்மனா? இன்னிக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல.

பெரியபுராணத்துல பூசலார் இருக்காரே, கையில காசில்லாம திருநின்றவூர்ல உட்கார்ந்து மனசுக்குள்ளயே கோயில் கட்டினவர். மதில், குளம், கிணறு எல்லாம் நினைப்புலயே. காஞ்சியில கற்கோயில் கட்டின ராஜா கனவுல சிவன் வந்து, நீ கும்பாபிஷேகத்துக்குக் குறிச்ச நாள்ல பூசலார் கோயிலுக்குப் போறேன், உன் நாளைத் தள்ளி வைன்னாராம். ராஜா தேடிப் போனா கட்டடமே இல்ல! ஊர்க்காரங்களுக்கே தெரியாத கோயில்.

இஷ்ட தெய்வம்னு ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டே, நெத்தியைப் பார்த்து பக்திக்கு மார்க் போடுறாங்க (நானும் ஒரு காலத்துல போட்டிருக்கேன்).

அந்த ரெண்டு நிமிஷம் நான் அடுக்களைப் பக்கம் போறதில்ல. காபி லேட்டாத்தான் வரும். வரட்டும்.