காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு வரி

மத்திய வீதியில் என் தையல் கடைக்குப் பக்கத்தில் காக்காவின் புடவைக் கடை. இன்று காலைத் தேநீரோடு ஸ்கொட்லாந்தின் வெறுப்புக் குற்றச் சட்டத்தைப் பற்றிப் பேசினோம். 2021 மார்ச்சில் நிறைவேறும் முன் பாராளுமன்றக் குழு அதை வரிவரியாகக் கிண்டியது. மதம், வயது போன்றவற்றில் வெறுப்பைத் தூண்டும் நோக்கம் நிரூபணமானால்தான் குற்றம் என்று திருத்தினார்கள்.

நம் இலங்கையிலும் வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க 2007இன் 56ஆம் இலக்கச் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவில், இன, மத வெறுப்பைப் பரப்பி வன்முறையைத் தூண்டினால் பத்து ஆண்டு வரை கடூழியச் சிறை. அது இருந்தும்தான் 2014இல் அளுத்கமையில், 2018இல் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரங்களில் கடைகள் எரிந்தன. கடை எரிந்தாலும் கடனுக்கு வட்டி எரிவதில்லையே!

காக்கா லாச்சியைத் திறந்து தீக்காப்புறுதிப் பத்திரத்தை எடுத்தார். கலவரத்துக்குத் தனியாகக் கட்டுப்பணம் கட்டிய வரியை விரலால் தொட்டு, “உங்கட பத்திரத்தில இது இருக்கா, தம்பி?” என்றார்.

என்னுடையதில் இல்லை.