முத்திரையைக் கடைசியாகப் பார்

கோவையில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் பம்ப் பாகங்களோடு ராணுவ வண்டிகளுக்கான உதிரிபாகங்களும் செய்தோம். ஏற்றுமதிக்கு அரசு அனுமதி தேவைப்படும் பொருள்களின் பட்டியலான ஸ்கோமெட்டின் ஆறாம் பிரிவில் அவை வரும். பாதுகாப்பு உற்பத்தித் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு பெட்டிகூட நகராது. அதற்கு, பொருளைக் கடைசியில் பயன்படுத்தப்போகிறவர் எழுதித் தரும் எண்ட் யூசர் சர்டிபிகேட் வேண்டும். பொருள் யாருக்கு, எதற்கு என்ற விவரமும், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டோம் என்ற உறுதிமொழியும் அதில் இருக்கும்.

“முத்திரையக் கடைசியாப் பாரு கண்ணு, மொதல்ல முகவரியப் பாரு” என்பார் எங்கள் மேலாளர். ஒருமுறை ஒரு வெளிநாட்டுப் படைப்பிரிவின் பெயரில் சான்றிதழ் வந்தது. அதிலிருந்த தொலைபேசி எண்ணும் இடைத்தரகரின் லெட்டர்ஹெட்டில் இருந்த எண்ணும் ஒன்று. அந்தச் சின்னப் படைக்கு அத்தனை உதிரிபாகங்கள் எதற்கு என்றும் புரியவில்லை. தூதரகம் வழியாக உறுதிசெய்து தாருங்கள் என்று எழுதினோம். அதோடு பேச்சு நின்றுபோனது. விற்பனைப் பிரிவுக்குக் கோபம்தான், நல்ல தொகை. எனக்கு இன்றும் அதில் வருத்தமில்லை.

ஏனென்றால் சுவிட்சர்லாந்துக்கு நடந்தது தெரியும். 2003-04இல் அந்த நாடு ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கைக்குண்டுகள் விற்றது. கைமாற்ற மாட்டோம் என்று எழுதியும் வாங்கியிருந்தது. அதில் ஒரு பகுதி ஜோர்டானுக்குப் போய், 2012இல் சிரியப் போரில் தலைகாட்டியது. அப்புறம்தான், விற்ற பொருளை வாங்கியவர் இடத்துக்கே போய்ச் சரிபார்க்கும் உரிமையையும் சுவிட்சர்லாந்து கேட்டு வாங்க ஆரம்பித்தது.

2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தில், இப்படித் திசைமாறிப் போவதைத் தடுக்கவே தனிப் பிரிவு உண்டு, பதினொன்றாவது. இனப்படுகொலைக்குப் பயன்படும் என்று தெரிந்தால் விற்கவே கூடாது என்கிறது ஆறாவது பிரிவு. ஏற்றுமதி செய்யும் நாடுகளின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி இந்தியா அன்று வாக்களிக்காமல் விலகி நின்றது. வாங்கும் நாடாக இருந்தபோது அதில் நியாயம் இருந்தது. இன்று நாமும் பிரம்மோஸ் ஏவுகணை விற்கிறோம். அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடலாம் என்பதுதான் என் கருத்து. அதுவரை, சந்தேகம் உள்ள ஏற்றுமதிகளிலாவது நம் அதிகாரி ஒருவர் நேரில் போய், பெட்டியைத் திறந்து, சீரியல் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.