நீர்த்தெள்ளு எவ்வளவு வேகம்?

மேட்டூர் திறந்து ஒரு மாதம் ஆகிறது. அரிசிலாற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து எங்கள் கொல்லைக் குட்டையும் நிரம்பிவிட்டது. காலையில் ஒரு டம்ளர் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஏகப்பட்ட நீர்த்தெள்ளுகள், அதாவது தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும் பொடி உயிர்கள் (water flea). மொய்னா என்கிற சின்ன ரகம், ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே பெரிது. "இந்தத் தண்ணிப் பூச்சியை எண்ணத்தான் எம்.எஸ்சி. படிச்சியா?" என்று அம்மா கேட்டாள். எண்ணவில்லை அம்மா, அது நீந்துவதை அளக்கிறேன்.

தலையின் இருபுறமும் கிளைவிட்ட உணர்கொம்புகள். இரண்டையும் ஒருசேரக் கீழே அடிக்கும். உடம்பு ஒரு தெறிப்பு மேலே போகும். அடிக்காவிட்டால் மெல்ல அமிழும். மறுபடி ஓர் அடி.

இரண்டு கண்ணாடித் துண்டுகளை அரை அங்குலம் இடைவெளி விட்டு ஒட்டித் தொட்டி செய்தேன். எதிரே ஸ்டாண்டில் செல்போன். பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் எல்லாம் வெளிச்சத்துப் பக்கமே ஒதுங்கின; பின்னால் பட்டர் பேப்பர் ஒட்டி வெளிச்சத்தைப் பரப்பினேன். முதலில் கிராஃப் தாளையும் பின்னால்தான் வைத்தேன். அது தப்பு. போனுக்குக் கிட்டே வரும் பூச்சி, தாளின் கட்டங்களில் அதிக தூரம் போனதுபோல் தெரியும். இப்போது தொட்டியின் நடுவில், தண்ணீருக்குள்ளேயே ஒரு ஸ்கேலை நிறுத்திப் படமெடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம்தான் பெரிய சிக்கல். வீடியோவின் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பூச்சி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துத் தூரத்தை அளக்கிறேன். நொடிக்கு 30 ஃப்ரேம் எடுத்தபோது ஒரு தெறிப்புக்கு இரண்டு மூன்று புள்ளிதான் கிடைத்தது. சேர்த்தால் நேர்கோடு. 240 ஃப்ரேமில் அதே பூச்சியின் பாதை வளைந்து நெளிந்தது. தூரம் கூடியது, வேகமும் கூடியது. சரி, 240தான் உண்மை என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் நான் வைக்கும் புள்ளி துளி விலகினாலும் அந்த நடுக்கமும் தூரத்தில் சேர்ந்துவிடும். அதனால் வேகத்தின் பக்கத்திலேயே ஃப்ரேம் எண்ணிக்கையையும் நோட்டில் எழுதுகிறேன்.

ரசாயனங்களின் நச்சைச் சோதிக்க, 48 மணி நேரத்தில் எத்தனை நீர்த்தெள்ளு அசைவற்றுப் போகின்றன என்று எண்ணும் முறை உலகெங்கும் உண்டு. ஆனால் அசைவு நிற்பதற்கு முன்பே நீச்சல் மாறலாம். சில பூச்சிமருந்துகளில் ஒரே இடத்தில் சுழலும். எனக்கு அந்த மாற்றம்தான் வேண்டும். அடுத்த வாரம் அப்பா குறுவைக்கு மருந்தடிக்கிறார். அதற்கு முன் வடிகாலில் 20 பூச்சி, அடித்த மறுநாள் 20. முதல் இருபதை நேற்றே படமெடுத்துவிட்டேன்.