கப்பல் கேபின் அப்கிரேடு: காசு கட்டுமுன் டெக் பிளானைத் திறங்கள்

டிக்கெட் போட்டு, பாக்கிப் பணமும் கட்டி முடித்த பிறகுதான் அந்த மின்னஞ்சல் வரும். ஜன்னல் இல்லாத உள் கேபினைப் பால்கனி கேபினாக மாற்றிக்கொள்ளலாம், வெறும் இவ்வளவுதான் என்று. கூடவே ஒரு படம்: சாய்வு நாற்காலி, நீலக் கடல், கையில் காப்பிக் கோப்பை. சில சமயம் டிராவல் ஏஜென்ட்டே போன் போட்டு, "சார், ரெண்டு கேபின்தான் மிச்சம்" என்பார். எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான். கேபின் என்ன வகை என்பதற்கு முன்னால், அது கப்பலில் எங்கே இருக்கிறது என்று டெக் பிளானில், அதாவது ஒவ்வொரு டெக்கிலும் (கப்பல் மாடியிலும்) எது எங்கே என்று காட்டும் வரைபடத்தில், பாருங்கள். கெட்ட இடத்தில் இருக்கும் பால்கனி கேபினைவிட நல்ல இடத்தில் இருக்கும் உள் கேபினில் நிம்மதியாகத் தூங்கலாம்.

முதலில் விலையை ஒழுங்காகப் படிக்க வேண்டும். கப்பல் கட்டணம் அனேகமாக எப்போதுமே ஆளுக்கு இவ்வளவு, அதுவும் ஒரு கேபினில் இருவர் என்ற கணக்கில் சொல்லப்படுவது. அப்கிரேடு தொகையும் அப்படித்தான். 9,000 ரூபாய் என்று பார்த்தால் கட்டப்போவது 18,000. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேருக்கான தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆள் இருந்தால் அவர்களுக்கு அப்கிரேடு தொகை உண்டா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். டாலரிலோ சிங்கப்பூர் வெள்ளியிலோ கார்டில் கட்டினால் வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை மார்க்அப் (அந்நியச் செலாவணிக் கட்டணம்) போடும், அந்த மார்க்அப்புக்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. இங்குள்ள ஏஜென்ட் வழியாக வெளிநாட்டுப் பேக்கேஜாக எடுத்தால் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரி பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழிந்துவிடும் அல்லது திரும்ப வரும், ஆகவே அதைச் செலவில் சேர்க்காதீர்கள். சூட் (வரவேற்பறையோடு கூடிய பெரிய கேபின்) வகைக்குப் போனால் தினசரி டிப்ஸ் தொகையும் ஏறுவது உண்டு. இதையெல்லாம் கூட்டி, கேபினுக்கு மொத்தம் எவ்வளவு என்று ஒரே ஒரு எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மணிக்கணக்கு. பால்கனிக்குப் பயன் இருப்பது பகல் வெளிச்சத்தில், நீங்கள் கேபினில் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும். சென்னைக்காரர்கள் நிறையப் பேர் போகும் சிங்கப்பூர், பினாங், புக்கெட், சிங்கப்பூர் என்ற 4 இரவுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஏறும் நாளில் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். ஊர் சுற்றும் இரண்டு நாளிலும் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. முழுக்கக் கடலில் இருக்கும் ஒரு நாளில் நான்கு மணி நேரம் என்று தாராளமாகவே வைப்போம். இறங்கும் நாளில் அரை மணி. மொத்தம் 10 மணி நேரம். கேபினுக்கு 28,000 ரூபாய் கூடுதல் என்றால் மணிக்கு 2,800. அந்தக் காசுக்கு அந்தக் காட்சி தகுமா என்பது அவரவர் பாடு. ஆனால் மேல் டெக்கில் அதே கடல் இலவசம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஏறும் பயணங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாராக வரும். 2022 ஜூனில் கார்டீலியா என்ற இந்தியக் கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பல் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. 2023 ஜூனில் இலங்கைக்கும் போனது. 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல் அது. அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி வைத்த கேபின்கள் கொஞ்சம்தான், கேபின்களும் இன்றைய கப்பல்களைவிடச் சிறியவை. எண்ணிக்கை குறைவு என்பதால் உள் கேபினுக்கும் பால்கனிக்கும் விலை இடைவெளி அதிகம். ஆகவே வயதான கப்பலில், இரண்டு இரவுப் பயணத்தில், உள் கேபினிலிருந்து ஜன்னல் வைத்த கேபினுக்கு மாறுவதுதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும். வெளிச்சம் வரும், கடல் தெரியும், தொகை பால்கனி அளவுக்குக் கையைக் கடிக்காது. (அந்தமான் கப்பலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூன்று நாள் ஓடும் அந்தக் கப்பலில், பொது அறையில் அடுக்குப் படுக்கை கொண்ட பங்க் வகுப்பிலிருந்து கேபினுக்கு மாறக் கேட்கும் காசை யோசிக்காமல் கொடுக்கலாம்.)

இப்போது ஆட்டம். கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி ஏறக்குறைய அச்சு மாதிரி நிற்கும், முனைகள்தான் அதிகம் ஏறி இறங்கும், சீசா பலகை போல. பக்கவாட்டில் சாயும்போது உயரத்தில் இருப்பவர் அதிக தூரம் ஊசலாடுவார். ஆகக் குறைவாக ஆடுவது நடுவில், கீழ் டெக்குகளில். அதிகம் ஆடுவது முன்முனையில், மேல் டெக்குகளில். கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் துடுப்பு போல் நீளும் ஸ்டெபிலைசர்கள் பக்கவாட்டுச் சாய்வைக் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவை பெரிதாகத் தடுக்காது. வேகம் குறைந்தால் அவற்றின் பலனும் குறையும்.

இங்கேதான் அப்கிரேடு பலரைக் கவிழ்க்கிறது. கையில் இருப்பது 3-ஆவது டெக்கில் நடுவில் ஒரு ஜன்னல் கேபின். காசு கட்டிய பிறகு கிடைப்பது 9-ஆவது டெக்கில் மூக்குப் பகுதியில் ஒரு பால்கனி. பஸ்ஸில் திருப்பதி மலை ஏறும்போதே குமட்டுகிறவருக்கு இது காசு கொடுத்து வாங்கிய வாந்தி. அடிவானம் கண்ணில் படுவது தலைசுற்றலுக்கு நல்லது என்பது உண்மைதான், அந்த வகையில் உள் கேபினுக்குக் கொஞ்சம் பாதகம் உண்டு. அதற்கு மருந்து கீழ் டெக்கின் நடு ஜன்னல், உச்சி டெக் பால்கனி அல்ல. அவோமின் மாதிரி மாத்திரை போடுபவர்கள் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு, புறப்படும் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். பி.பி., சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எந்தக் கடல், எந்த மாதம் என்பதும் இதில் சேரும். மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ராவும் மறுபக்கம் மலேயாவும் அணைத்த கடல், பொதுவாக அமைதியாகவே இருக்கும். அங்கே ஆட்டத்துக்காக இடம் தேட வேண்டிய அவசியம் குறைவு. வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமும் புயல்களும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடல் கொந்தளிக்கும், மும்பையில் ஏறுபவர்கள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

சத்தம் ஆட்டத்தைவிட மோசம், ஏனென்றால் அமைதியான கடலிலும் அது இருக்கும். நீச்சல் குள டெக்குக்கு நேர் கீழே உள்ள பால்கனிக் கேபின்கள்தான் அப்கிரேடு ஏலத்தில் (நீங்கள் ஒரு தொகை சொல்லி, கம்பெனி ஏற்றால் கேபின் மாறும் முறை) அடிக்கடி மாட்டுபவை. காலை ஐந்தரை, ஆறு மணிக்கே ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்துவார்கள், ஒவ்வொரு கால் உரசலும் கூரையில் கேட்கும். பஃபே ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் கீழே என்றால் தள்ளுவண்டிச் சத்தம். தியேட்டருக்கோ டிஸ்கோவுக்கோ மேலே என்றால் நள்ளிரவு தாண்டியும் இசையின் பாஸ் அதிர்வு. முன்முனைக் கீழ் டெக்கில் துறைமுகம் சேரும் விடியற்காலையில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகளும் நங்கூரச் சங்கிலியும் எழுப்பிவிடும். பின்முனைக் கீழ் டெக்கில் எஞ்சின் அதிர்வு. இவை எதிலும் சேராத, ஆனால் பலர் கவனிக்காத ஒன்று, பக்கத்துக் கேபினுக்குப் போகும் இணைப்புக் கதவு. அந்தக் கதவு வழியாக அடுத்த வீட்டுக் குழந்தையின் அழுகை முதல் குறட்டை வரை எல்லாம் வரும். குடும்பமாக இரண்டு கேபினும் எடுத்தால் அதே கதவு வரம்.

டெக் பிளானைக் கம்பெனியின் இணையதளத்தில் திறந்து, கேபின் எண்ணைத் தேடி, அதே இடத்தில் ஒரு டெக் மேலும் ஒரு டெக் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் போதும், பாதிக் கவலை தீர்ந்தது. வரைபடத்தில் பெயர் எதுவும் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கும் இடங்கள் பெரும்பாலும் ஊழியர் பகுதிகள், பண்டக அறைகள். அவற்றை ஒட்டிய கேபினைத் தவிர்க்கலாம். லிஃப்டுக்கு நாலைந்து கதவு தள்ளி இருப்பது உத்தமம். முட்டி வலி உள்ள பெரியவர்களோடு போனால் அதற்கு மேல் தள்ளிப் போக வேண்டாம், கப்பல் தாழ்வாரம் நீளமானது. ஜன்னல், பால்கனி இரண்டுக்கும் இன்னொரு சோதனை உயிர்காப்புப் படகுகள். அவை தொங்கும் டெக்கிலும் அதற்குச் சற்று மேலேயும் கடலுக்குப் பதில் ஆரஞ்சுப் படகின் முதுகு தெரியும். "மறைக்கப்பட்ட காட்சி" என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். சில பெரிய கப்பல்களில் பால்கனியே கப்பலின் உள்முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும்.

ஏல முறைக்கு வருவோம். ராயல் கரீபியன் கம்பெனியில் ராயல்அப், நார்வீஜியன் கம்பெனியில் அப்கிரேடு அட்வான்டேஜ் என்று பெயர்கள் வேறு, ஆட்டம் ஒன்றே. திரையில் தொகையைக் கூட்டிக் குறைக்க ஒரு நகர்த்தி, அதற்குப் பக்கத்தில் உங்கள் தொகை பலவீனமா பலமா என்று காட்டும் முள். முள் பச்சைக்குப் போகும்வரை தள்ளிக்கொண்டே போகத் தோன்றும், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். உச்ச வரம்பை முன்பே தீர்மானித்துவிட்டுத் திறங்கள். கணக்கு சுலபம்: இருவருக்கு நீங்கள் கட்டியது 1,20,000. அதே பயணத்தில் பால்கனி இன்று இருவருக்கு 1,64,000 என்று இணையதளத்தில் இருக்கிறது. வித்தியாசம் 44,000. இதில் பாதிக்கு மேல், அதாவது ஆளுக்கு 11,000-க்கு மேல், ஏலம் கேட்பதில் அர்த்தம் இல்லை. ஏனென்றால் முழு வித்தியாசத்தைக் கட்டுகிறவருக்குக் கேபின் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கிறது. ஏலத்தில் வென்றவருக்கு அது இல்லை, அவர்கள் கொடுப்பதுதான். ஏற்கப்பட்டதும் கார்டில் பணம் போய்விடும், பிறகு வேண்டாம் என்றால் திரும்ப வராது. ஏற்கப்படும் வரை தொகையை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். முடிவு புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு வரை இழுக்கும்.

இரண்டு கேபினில் பிரிந்திருக்கும் குடும்பம் ஏலமே கேட்க வேண்டாம் என்பேன். ஒன்று மட்டும் ஏற்கப்பட்டால் அப்பா அம்மா 5-ஆவது டெக்கிலும் பிள்ளைகள் 10-ஆவது டெக்கிலும் போய் நிற்பார்கள். ஆசை இருந்தால் கடைசித் தவணை கட்டும் முன் ஏஜென்ட்டை அழைத்து, வகை வித்தியாசத்தை மட்டும் கட்டி, பிடித்த எண்ணைக் கேளுங்கள். பெரிய கம்பெனிகளில் கடைசித் தவணை பொதுவாகப் புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாள் முன்பு. அதற்குள் விலை இறங்கினால் திருத்திக் கேட்கவும் வாய்ப்பு உண்டு.

நான்கு பேர் குடும்பத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது, ஏஜென்ட்டுகள் அதைத் தாமாகச் சொல்வதில்லை. ஒரே பால்கனிக் கேபினில் நால்வர் என்றால் இருவருக்கு மேலிருந்து மடக்கி இறக்கும் படுக்கை, அதற்கு ஏணி. பாட்டி ஏற முடியாது. குளியலறை ஒன்று, அதுவும் ஒருவர் நின்று திரும்பும் அளவு. காலை எட்டு மணிக்குக் கரை இறங்க நால்வரும் தயாராக வேண்டும் என்றால் நிலைமையைக் கற்பனை செய்துகொள்ளலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உள் கேபின்களின் விலையைக் கேட்டுப் பாருங்கள். பல நேரம் ஒரு பால்கனிக்கு நெருக்கமாகவே இருக்கும், இரண்டு குளியலறை கிடைக்கும். ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்ற வயது விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால்கனி எடுத்தே தீருவது என்றால் அதன் வரம்புகள் தெரிந்திருக்கட்டும். கதவைத் திறந்து வைத்தால் ஏ.சி. வேலை செய்யாது, சிங்கப்பூர்ப் பக்கத்துப் புழுக்கம் நம்மூர் புழுக்கத்துக்குக் குறைந்ததல்ல, மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை அங்கே உட்கார முடியாது. கைப்பிடிக் கம்பியில் துணி காயப்போட விடமாட்டார்கள், குளியலறைக்குள் இழுத்துக் கட்டும் கொடி இருக்கும். சென்னையிலிருந்து தெற்கே போகும்போது கரை வலப்பக்கம், சூரிய உதயம் இடப்பக்கம். வடக்கே விசாகப்பட்டினம் போகும்போது இரண்டும் மாறும். கப்பல் கரையிலிருந்து விலகியே ஓடும் என்பதால் உதயப் பக்கத்தைக் கேட்டு வாங்குவதே மேல்.

சூட் பற்றிச் சுருக்கமாக: அதில் விலையேற்றுவது வரவேற்பறையும் பட்லரும் தனி லவுஞ்சும் இலவச பானங்களும். குடிக்காத, சைவம் சாப்பிடுகிற குடும்பம் இவற்றில் பாதியைத் தொடவே போவதில்லை. அலாஸ்காவின் பனியாறுகள், நார்வேயின் ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே நுழையும் கடல்) மாதிரிப் பயணத்தில் பால்கனிக்குத் தாராளமாகச் செலவிடலாம். அங்கே காட்சி மணிக்கணக்கில் கப்பலை ஒட்டியே நகரும், பொது டெக்கில் குளிர்காற்றும் கூட்டமும்.

உள் கேபினிலேயே இருந்துவிட்டால்: விளக்கணைத்தால் கும்மிருட்டு. டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா சேனல் இருந்தால் ஒலியைக் குறைத்து ஓடவிடுங்கள், விடிந்தது தெரியும். சுவர்கள் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டும், பை மாட்ட உதவும். அயர்ன் பாக்ஸ், எலக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர் எதையும் ஏற்ற விடமாட்டார்கள். குளியலறையில் ஹெல்த் ஃபாசெட் இருக்கும் என்று நம்பிப் போகாமல் ஒரு சின்ன மக் எடுத்துப் போங்கள், இது சூட்டுக்கும் பொருந்தும்.

ஏறும் நாளிலும் ஒரு வாய்ப்பு உண்டு. விற்காத கேபின் இருந்தால் வரவேற்பு மேசையில் அன்றே மாற்றித் தருவார்கள். ஏறியவுடன், மற்றவர்கள் பஃபேக்கு ஓடும் நேரத்தில், போய்க் கேளுங்கள். ஆளுக்கா, கேபினுக்கா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கேபின் எண்ணைக் கேட்டு, அதன் மேல் டெக்கிலும் கீழ் டெக்கிலும் என்ன என்று போனில் பார்த்த பிறகு கார்டை நீட்டுங்கள். டெக் பிளானை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கப்பலில் இணையத்துக்குத் தனிக் காசு.