மூன்று பேயும் ஒரு கரடியும்: முதல் போகிமான் போட்டிக்கு அணி சேர்த்த கதை

2024 செப்டம்பரில், போகிமான் ஸ்கார்லெட், வயலட் வீடியோ கேம் போட்டிகளுக்கு ரெகுலேஷன் ஹெச் என்ற விதித்தொகுப்பு தொடங்கிய வாரமே பெயர் கொடுத்துவிட்டேன். சிங்கப்பூரில் நான் இருக்கும் பேட்டையில் அட்டை விளையாட்டுக் கடை ஒன்று உண்டு, அதன் மாடியில் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. கையில் இரண்டு மாதத்துக்கும் மேல் இருக்கிறது, ஆறு போகிமானைப் பொறுக்கி எடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நினைத்தேன். கடைசி மாற்றத்தைப் போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ராத்திரி செய்தேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இது இரண்டுக்கு இரண்டாக நடக்கும் சண்டை. ஆறு பேரைக் கொண்டுபோக வேண்டும், ஒவ்வொரு ஆட்டத்திலும் நான்கு பேரைத்தான் இறக்கலாம். இரண்டு பக்க அணியையும் பார்த்து முடிவு செய்ய 90 வினாடி, அப்புறம் ஒவ்வொரு டர்னுக்கும் 45 வினாடி. எல்லாரும் லெவல் 50 ஆகிவிடுவார்கள், ஆளுக்கு ஒரு ஐட்டம், அதாவது கையில் வைத்துக்கொள்ளும் பொருள், கொடுக்கலாம், ஒரே ஐட்டத்தை இரண்டு பேருக்குக் கொடுக்கக் கூடாது. ரெகுலேஷன் ஹெச்சில் லெஜண்டரி, பாரடாக்ஸ் என்ற பலசாலிக் கூட்டங்கள் கிடையாது. முந்தைய மாதங்களில் ஆட்டத்தையே ஆண்டுகொண்டிருந்த ஃப்ளட்டர் மேன் போன்றவர்கள் எல்லாம் வெளியே. அதனால்தான் எனக்குத் தைரியம் வந்தது என்றும் சொல்லலாம்.

முதலில் சோம்பேறித்தனமாகத்தான் ஆரம்பித்தேன். வேறொருவர் கட்டி இணையத்தில் போட்டிருந்த ஒரு மழை அணியை, அதன் வாடகைக் குறியீட்டைப் போட்டு அப்படியே எடுத்தேன். பெலிப்பர் மழையைக் கொண்டுவரும், அந்த மழையில் ஆர்கலூடன் என்ற இன்னொரு போகிமான் காத்திருக்காமல் எலக்ட்ரோ ஷாட் அடிக்கும், அடிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் பலம் ஏறும். பார்க்க அவ்வளவு சுலபம். 14 ஆட்டத்தில் 11 தோற்றேன். அணி நல்ல அணிதான், அதில் யார் எதற்காக இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. எதிராளி மழையைக் கலைத்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று அந்த அணியைக் கட்டியவருக்குத் தெரிந்திருக்கும். நான் முழித்தேன்.

மதுரையில் இருக்கும் என் அத்தை மகன் இந்த விளையாட்டில் எனக்கு நாலைந்து வருடம் மூத்தவன், வயதில் இல்லை, அனுபவத்தில். தினமும் ராத்திரி எனக்குப் பத்தரை, அவனுக்கு எட்டு மணிக்குப் போன் போட்டுக்கொண்டே பயிற்சி. அவன் கேட்ட முதல் கேள்வியே, "மாப்ள, உனக்கு யாரை வச்சு ஜெயிக்கணும்?" என்பதுதான். கரடி என்றேன். உர்சலூனா.

உர்சலூனாவின் கணக்கு ரொம்ப நேரானது. ஃப்ளேம் ஆர்பைக் கையில் கொடுத்துவிட்டால் முதல் டர்ன் முடிவில் தன்னையே சுட்டுக்கொள்ளும். கட்ஸ் என்ற திறமை இருப்பதால் தீப்புண் பட்டதும் தாக்குதல் ஒன்றரை மடங்கு ஆகும், ஃபசாட் என்ற மூவின், அதாவது அடியின், பலம் இரட்டிப்பாகும். இன்னொரு லாபமும் இருக்கிறது: ஏற்கெனவே தீப்புண் இருப்பதால் அமூங்கஸ் வந்து ஸ்போர் தூவினாலும் தூங்காது. ஒரே குறை, ஆமை வேகம். அதனால் ட்ரிக் ரூம் வேண்டும், மெதுவானவர்கள் முந்திக்கொள்ளும் தலைகீழ் அறை. அதைப் போட ஒரு ஆள் வேண்டும், போடும்போது எதிராளி ஃபேக் அவுட் என்ற முந்திக்கொள்ளும் அடியால் தட்டி நிறுத்தக் கூடாது. ஃபேக் அவுட் பேய் வகை மேல் படாது. அப்படித்தான் சினிஸ்ட்சா வந்தது, தேநீர்ப் பாத்திரத்துக்குள் இருக்கும் பேய். உள்ளே வரும்போதே பக்கத்தில் நிற்பவருக்குக் கால் பங்கு உயிர் கொடுக்கும், ரேஜ் பவுடரால் அடியைத் தன் பக்கம் இழுக்கும். முதல் டர்னில் கரடி புரொடெக்ட் போட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளும், பேய் ட்ரிக் ரூம் போடும். அடுத்த நான்கு டர்ன் நம்முடையது.

இன்சினரோர் என்ற புலி இல்லாமல் அந்த சீசனில் அணி கட்டியவர்கள் குறைவு, நானும் சேர்த்துக்கொண்டேன். கோல்டெங்கோ இரண்டு பேரையும் ஒன்றாக அடிக்கும், நிலையைக் கெடுக்கும் மூவ் எதுவும் அதன்மேல் பலிக்காது. டிராகனைட்டின் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு ட்ரிக் ரூம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முந்திப் போய் அடிக்கும். ஐந்து ஆயிற்று. ஆறாவது இடம் கெங்கருக்கு. சின்ன வயதில் டிவியில் பார்த்ததிலிருந்தே எனக்குக் கெங்கர் மேல் ஒரு பைத்தியம், அது இல்லாமல் போட்டிக்குப் போவதாவது!

"மூணு பேயை வச்சுக்கிட்டு என்ன மாப்ள பண்ணப் போற, கரடிக்கு டெராவும் கோஸ்ட்டு, மொத்தம் நாலு" என்றான் அத்தை மகன். டெரா என்பது ஆட்டத்தின் நடுவே ஒரு போகிமானின் வகையை மாற்றிவிடும் வசதி, கோஸ்ட்டு என்றால் பேய் வகை. சினிஸ்ட்சா, கோல்டெங்கோ, கெங்கர் மூன்றுமே இருள் வகை அடிக்கு இரண்டு மடங்கு வாங்கும். எதிரில் கிங்காம்பிட் வந்து சக்கர் பஞ்ச் என்ற இருள் அடியைப் போட்டால் வரிசையாக விழவேண்டியதுதான். எனக்கும் தெரியும். ஆனாலும் 2014 உலகப் போட்டியை இழுத்தேன். வாஷிங்டனில் தென்கொரியாவின் செஜுன் பார்க், யாரும் மதிக்காத பச்சிரிசு என்ற அணிலை வைத்துப் பட்டம் வாங்கவில்லையா? அவன் சிரித்துவிட்டு, பச்சிரிசு அங்கே என்ன வேலை பார்த்தது என்று போய்ப் படித்துவிட்டு வரச் சொன்னான். படித்தேன். ஃபாலோ மீ போட்டு அடியைத் தன்மேல் வாங்கியது, மின்சார அடி வந்தால் வோல்ட் அப்சார்ப் அதை உயிராக மாற்றிக்கொண்டது, மின்சாரத்துக்கு நடுங்கும் கயாரடோஸ் அதன் மறைவில் வளர்ந்தது. பாசத்துக்காகச் சேர்த்த அணில் இல்லை அது.

அதற்கப்புறமும் இரண்டு வாரம் கெங்கரை விடவில்லை. விட வைத்தது ஒரு நோட்டு. 40 பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கி, ஷோடவுன் என்ற இணையப் பயிற்சித் தளத்தில் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதினேன்: எதிராளியின் ஆறு, நான் இறக்கிய நான்கு, எந்த டர்னில் கை நழுவியது. 60 ஆட்டம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது கெங்கரை இறக்கியதே ஐந்து முறைதான், அதில் நான்கு தோல்வி. ஆசைப்பட்டுச் சேர்த்த நானே 90 வினாடி ஓடும்போது அதைத் தொடவில்லை. அதைவிட முக்கியமாக நோட்டு இன்னொன்றையும் காட்டியது. எதிராளி ட்ரிக் ரூமைத் தடுத்துவிட்டால் என்னிடம் வேறு வழியே இல்லை, தோல்விகளில் பாதிக்கு மேல் அதே கதை. எனக்குத் தேவை வேகத்துக்கு ஒரு ஆள். அத்தை மகன் சொன்ன பெயர் விம்சிகாட். பஞ்சு உருண்டை. பிராங்க்ஸ்டர் என்ற திறமை இருப்பதால் டெயில்விண்டை எல்லாருக்கும் முன்பே போட்டுவிடும், நம் பக்கத்து வேகம் நான்கு டர்னுக்கு இரட்டிப்பு. கோல்டெங்கோவோடு முன்னால் விட்டால் அது வேறு ஒரு அணி. எதிராளி கரடியைப் பார்த்து ட்ரிக் ரூமுக்குத் தயாராகி உட்கார்ந்திருப்பான், நாம் பஞ்சை விடுவோம். எனக்குப் பிடிக்கவே இல்லை, ஆனால் ஜெயித்தது.

ஐட்டம் பங்கீடு கூட்டுக் குடும்பத்துச் சொத்துப் பிரிவினை மாதிரி. உயிர் ஏற்றும் சிட்ரஸ் பெர்ரி இன்சினரோருக்கும் வேண்டும், சினிஸ்ட்சாவுக்கும் வேண்டும். மூன்று நாள் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் பெர்ரி பேய்க்கு, புலிக்கு சேஃப்டி காகிள்ஸ் என்று முடித்தேன். கண்ணாடி போட்ட புலிக்கு ஸ்போரும் ஒன்றும் செய்யாது, எதிராளியின் ரேஜ் பவுடரும் திருப்பாது. ஈவி, அதாவது போகிமானின் பலங்களுக்கு நாம் பங்கிட்டுக் கொடுக்கும் பயிற்சிப் புள்ளி, அந்தக் கணக்கில் நான் அதிகம் மூளையைக் கசக்கவில்லை. மொத்தம் 510, ஒன்றுக்கு உச்சம் 252, லெவல் 50-ல் முதல் புள்ளிக்கு 4, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 8, அவ்வளவு தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். போட்டிகளில் அதிகம் வரும் அடிகளைச் சேதக் கணிப்பானில் போட்டு, தாங்குமா தாங்காதா என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

உண்மையான வேலை வாங்கியது கரடியை வளர்த்ததுதான். ஷோடவுனில் எண்ணைத் தட்டினால் கரடி தயார், நேரடிப் போட்டிக்கு ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவிக்கு உள்ளே நிஜமாக இருக்க வேண்டும். ட்ரிக் ரூமில் எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது, ஆகவே வேகத்தின் ஐவி, அதாவது பிறவியிலேயே வரும் 0 முதல் 31 வரையான எண், பூஜ்யமாக இருக்க வேண்டும். 31 இருந்தால் மிக மெதுவான கரடியின் வேகம் 63, பூஜ்யம் என்றால் 49. பாட்டில் கேப் கொடுத்து ஐவியை ஏற்றலாம், இறக்க வழியே கிடையாது. அதனால் கரடியோடு ஜோடி சேர்த்து முட்டை எடுக்க, வேகத்தில் 'நோ குட்' (பூஜ்யம்) என்று வரும் டிட்டோ என்ற போகிமான் ஒன்று கிடைக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன், நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. அதன் கையில், வேக ஐவியைக் குட்டிக்குக் கடத்தும் பவர் ஆங்க்லெட்டைக் கொடுத்து, பிக்னிக் போட்டு, கூடையில் முட்டை எடுத்து, ஒருவழியாகப் பூஜ்ய வேக ஐவியோடு ஒரு டெட்டியுர்சா பிறந்தது. அது வளர்ந்தால் உர்சரிங், அதற்கும் அடுத்த நிலைதான் உர்சலூனா.

அடுத்த சிக்கல், ஸ்கார்லெட் வயலட்டில் உர்சரிங் உர்சலூனாவாக மாறாது. லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் விளையாட்டில், பௌர்ணமி இரவில், பீட் பிளாக் கொடுத்தால்தான் மாறும். அந்த விளையாட்டு என்னிடம் இல்லை, ரூமில் கூட இருக்கும் தஞ்சாவூர்த் தம்பியிடம் இருந்தது. குட்டியை உர்சரிங் ஆக்கி, ஹோம் செயலி வழியாக அவனுக்கு அனுப்பினேன். அவன் அதை அந்த விளையாட்டுக்குள் இறக்கி, பௌர்ணமி வரும்வரை கூடாரத்தில் படுத்துப் படுத்து நாளைத் தள்ளி, மாற்றித் திருப்பி அனுப்பினான். ஆவலோடு திறந்து பார்த்தால் வேகம் 'பெஸ்ட்', அதாவது 31. முட்டையில் வந்த இன்னொன்றையும் சும்மா உர்சரிங் ஆக்கி வைத்திருந்தேன், அவசரத்தில் அதை அனுப்பிவிட்டேன்! "அண்ணா, திரும்பவும் பௌர்ணமி வரைக்கும் படுக்கணுமா?" என்றான். பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டினேன். அதற்கப்புறம் மிண்ட், வைட்டமின், கரடியின் டெராவைப் பேய் ஆக்க 50 ஷார்ட் என்று இன்னும் ஒரு வாரம் போனது. அதெல்லாம் மேய்ச்சல் வேலை, சொல்ல ஒன்றுமில்லை.

போட்டி அன்று 20-க்குக் கொஞ்சம் மேல் ஆட்கள், ஐந்து சுற்று, ஒவ்வொன்றும் மூன்றில் இரண்டு. அணித்தாளை எதிராளிக்குக் காட்ட வேண்டும், மூவ், ஐட்டம், டெரா எல்லாம் அவருக்குத் தெரியும், ஈவி, ஐவி போன்ற எண்கள் தெரியாது. முதல் சுற்றிலேயே பெலிப்பரும் ஆர்கலூடனும். நான் 11 முறை தோற்ற அதே மழை. அது எங்கே தடுமாறும் என்று உள்ளேயிருந்து பார்த்தவன் நான், கரடியின் ஹெட்லாங் ரஷ் ஆர்கலூடனுக்கு இரண்டு மடங்கு, இரண்டு ஆட்டத்தில் முடிந்தது. இரண்டாவது சுற்றும் ஜெயம், பஞ்சு உருண்டையின் புண்ணியம்.

மூன்றாவது சுற்றில் எதிரில் போரிகான்2. அதுவும் ட்ரிக் ரூம் போடும் என்று தாளில் எழுதியிருக்கிறது, நான் படித்தும்விட்டேன். ஆனாலும் பழக்கதோஷத்தில் முதல் டர்னில் ட்ரிக் ரூமை அழுத்தினேன். என் பேய் கொஞ்சம் வேகம், முதலில் போட்டது. அடுத்து போரிகான்2 போட்டதும் என்னுடையது கலைந்தது. கரடி நடு வெளிச்சத்தில் ஆமை வேகத்தில் நிற்கிறது. எதிரில் இருந்த பையனுக்குப் பதினாறு வயது இருக்கும், சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டான். இரண்டாவது ஆட்டத்தில் நான் எதுவும் போடாமல் அவனையே போடவிட்டு ஜெயித்தேன், மூன்றாவதில் தோற்றேன்.

நான்காவது சுற்றுக்குத்தான் அத்தனை டிட்டோவும். எதிராளியிடமும் உர்சலூனா, அவரே ட்ரிக் ரூமும் போட்டுவிட்டார். தீர்ப்பு ஆட்டத்தின் கடைசியில் இரண்டு பக்கமும் கரடி மட்டும்தான் மிச்சம், இரண்டுமே அடிபட்டு, தீப்புண்ணோடு. யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு ஆட்டம். ஹெட்லாங் ரஷ்ஷைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கரடி முதலில் ஓடியது. அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "பூஜ்யமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருடையது ஆர்சியஸில் பிடித்ததை அப்படியே கொண்டுவந்ததாம்.

ஐந்தாவதில் இண்டீடியும் ஆர்மரூஜும். சைக்கிக் டெரெயின் விரித்துவிட்டால் தரையில் நிற்பவர்கள் மேல் ஃபேக் அவுட்டும் படாது, எக்ஸ்ட்ரீம் ஸ்பீடும் படாது. என் நோட்டில் அந்த ஜோடி இரண்டே வரிதான், இரண்டுமே தோல்வி, இரண்டுக்கும் பக்கத்தில் 'அப்புறம் யோசிக்கணும்' என்று எழுதியிருந்தேன். யோசிக்கவில்லை. இரண்டு ஆட்டமும் சேர்த்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று வெற்றி, இரண்டு தோல்வி, பரிசு எதுவும் இல்லை. ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "கெங்கர் இருந்திருந்தா அந்த இண்டீடியை அடிச்சிருக்கலாம்ல" என்றான். வேண்டுமென்றேதான் சொல்கிறான் என்று தெரியும். இருந்தாலும் போனை வைத்துவிட்டு ஒரு மணிவரை கணிப்பானில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.